கையால் சேர்த்த மூன்று வரிகள்

செப்டம்பர் 2

மார்ட்டாவின் மெயில் விடியும்போதே வந்து கிடந்தது. போலந்துக்காரர். நிரலைச் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் எங்கள் கம்பைலர் திட்டத்தில் ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடும் பொறுப்பு அவருடையது. உலகம் முழுக்க முன்னூறு பேர் எழுதும் திட்டம் இது. அத்தனை பேரில் இந்த வேலைக்கு ‘உங்களைவிட ஒழுங்கான ஆள் எனக்குத் தெரியவில்லை’ என்று எனக்கு எழுதியிருக்கிறார். ஷெர்லினுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிற ஆளைத்தான் அந்த அம்மா சொல்கிறதா என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். கட்டிக்கொண்டவளுக்கு எப்போது நம் அருமை தெரிந்திருக்கிறது.

வேலை இதுதான். எந்தச் சிப்புக்கு எங்கள் மென்பொருளை எப்படிக் கட்ட வேண்டும் என்று முடிவுசெய்யும் கோப்புகள் திட்டத்தில் அறுபதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றை யாரும் கையால் எழுதுவதில்லை. சின்னதாக ஒரு மூலக் கோப்பு எழுதுவோம், ஒரு கருவி அதை இருபதாயிரம் வரிக் கோப்பாக விரித்துக் கொடுக்கும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொருவர் கணினியிலும் அந்தக் கருவி ஒவ்வொரு பதிப்பு. அரிசியும் உளுந்தும் ஒன்றுதான், ஆனால் வீட்டுக்கு வீடு மாவு வேறாக வருகிறது. ஒரு வரி மாற்றியவன் கோப்பைத் திரும்ப உருவாக்கினால் ஆயிரம் வரி மாறியதாகக் காட்டும். அதனால் உருவான கோப்புகளை யாரும் வாசிப்பதே இல்லை. வாசிக்காமல் ‘சரி’ போடுவது இங்கே எழுதாத சட்டம்.

இனி யார் செய்தாலும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒரே கோப்பு வரவேண்டும். அதற்கு ஒரு வழி செய்யச் சொல்கிறார் மார்ட்டா. ஏழு வருடமாக என் பகுதியின் கோப்புகளை வேறு யாரையும் தொடவிடாமல் நானேதான் உருவாக்கிவருகிறேன். என்னைவிட்டால் யார்?

செப்டம்பர் 3

தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. நாள் முழுக்க அதோடு போனது.

செப்டம்பர் 9

பாட் தயார், தானாகவே ஓடிச் சரிபார்க்கும் நிரல். ஒரே பதிப்புக் கருவிகளை ஒரு மூடிய பெட்டியில் அடைத்திருக்கிறேன். தினமும் ஒரு தடவை அது எல்லாக் கோப்புகளையும் மூலத்திலிருந்து புதிதாக உருவாக்கும், இருப்பதோடு ஒப்பிடும், ஓர் எழுத்து வேறுபட்டாலும் செய்தவனின் பெயரைப் போட்டு எல்லோருக்கும் மெயில் அனுப்பும். ஷெர்லின் இதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்துவிட்டாள். அடுத்தவள் கழுவிய பாத்திரத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதுதானே இதன் வேலை என்கிறாள். சரியான பெயர்தான்.

செப்டம்பர் 12

முதல் நாளே மாமியார் இருநூற்றுப் பதினான்கு இடத்தில் குறை கண்டுபிடித்தது. பெரும்பாலும் கருவி வேறுபாட்டுக் குப்பை. ஒன்றே ஒன்று வேண்டுமென்றே செய்தது: ஜப்பானில் மொரிதா என்பவர் அவசரத்துக்கு ஒரு வரியை உருவான கோப்பிலேயே கையால் திருத்தியிருக்கிறார். இருபது வருட அனுபவம் உள்ள மனிதர். பொது மெயில் பட்டியலில் கொஞ்சம் சூடாகவே எழுதினேன். உருவான கோப்பைக் கையால் தொடுவது பொய்க் கையெழுத்துப் போடுவதற்குச் சமம் என்று எழுதினேன். அவர் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். நாற்பது பேர் என் மெயிலுக்கு ஆதரவு தெரிவித்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 17

இருநூற்றுப் பதினான்கில் ஒன்றுதான் பாக்கி. அது என் பகுதியில். மூன்று வரி. பழைய விஷயம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 18

மார்ட்டா கேட்டார்: கோப்பில் மூன்று வரி கூடுதலாக இருக்கிறது, மூலத்தில் இல்லை, இது என்ன? மெயிலில் சந்தேகம் எதுவும் இல்லை, சும்மா கேட்கிறார். பழைய கருவி விட்டுப்போன குப்பையாக இருக்கும் என்று பதில் எழுதினேன். அப்படியானால் பாட் துடைத்துவிடட்டும் என்றார். சரி என்றேன். துடைத்துவிட்டது. குறைப் பட்டியல் சுத்தம். சோதனைகள் எல்லாம் பச்சை.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. மதியம் தின்ற பரோட்டா.

செப்டம்பர் 27

எழுதிவைத்துவிடுகிறேன், பிற்பாடு எனக்கே மறந்துபோகும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். ஆழ்கடல் போட்டுகளுக்கான செய்திப்பெட்டி செய்கிற கம்பெனி. கரையிலிருந்து வானிலை எச்சரிக்கை அனுப்பினால் நடுக்கடலில் பெட்டியின் திரையில் தமிழில் வரும். போட்டு நிற்கும் இடம் கரையில் வரைபடத்தில் தெரியும். என் அப்பா வலை இழுத்தவர். குளச்சலுக்கு மேற்கே எங்கள் ஊரில் ஒரு நவம்பர் மாதம் எச்சரிக்கை போய்ச் சேராமல் எத்தனை பேர் திரும்பவில்லை என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தப் பெட்டியை நான் உயிரைக் கொடுத்துச் செய்தேன்.

கடைசி வாரத்தில் ஒரு கோளாறு. நீளமான செய்தி வந்தால் பெட்டி உறைந்து நின்றது. பதினோரு நாள் தலைகீழாக நின்று பார்த்தேன். பெட்டியின் மென்பொருளைக் கட்டியது எங்கள் கம்பைலர்தான், அப்போதே நான் அதற்கும் எழுதிவந்தேன். அந்தச் சிப்பில் நினைவகத்தை வேகமாக நகலெடுக்கும் ஒரு வழி உண்டு. எங்கள் கம்பைலரில் அந்த வழியை அடைத்துவிட்டால் உறைவது நின்றது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. மூலக் கோப்பில் போடலாம் என்றால் காரணம் எழுத வேண்டும், நாலு பேர் குடைந்து கேட்பார்கள். வெள்ளிக்கிழமை பெட்டி போட்டில் ஏற வேண்டும். ஆகவே உருவான கோப்பில், ஆயிரத்து நானூறு வரிக் குப்பைக்கு நடுவே, கையால் மூன்று வரி சேர்த்தேன். வழக்கம்போல் யாரும் வாசிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை கோப்பை உருவாக்கும்போதும் அந்த மூன்று வரி அழிந்துபோகும். நான் திரும்பச் சேர்ப்பேன். ஏழு வருடம். அந்தப் பகுதியை யாரையும் தொடவிடாததற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

இப்போது சிப்பும் மாறியிருக்கும், கம்பைலரும் எவ்வளவோ மாறிவிட்டது. அந்தக் கோளாறு தானாகவே சரியாகியிருக்கும். மொரிதாவைப் பற்றி அப்படி எழுதிய பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்வது?

அக்டோபர் 5

புதிய பதிப்பு வெளியானது. நன்றிக் குறிப்பில் என் பெயர் முதலில். அந்தப் பெட்டியின் பழைய சர்க்யூட் போர்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது, அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்யலாம்.

அக்டோபர் 12

ஞாயிறு. போர்டை எடுக்கவில்லை. ஷெர்லினின் அண்ணன் வீட்டில் ஞானஸ்நானம்.

அக்டோபர் 19

ஊருக்குப் போய் வந்தோம். என் தங்கை ஜெனோவா நெய்மீன் குழம்பு வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் கிளிட்டஸ் மச்சான் போட்டில் ஸ்ராங்க், போட்டை ஓட்டுகிறவர். புதன்கிழமை தேங்காய்ப்பட்டணத்திலிருந்து நாலு போட்டு ஒன்றாகக் கிளம்புகிறது, நாற்பது நாள் ஓட்டம். ஒரு போட்டுக்குப் பதினோரு பேர். மச்சான் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், கம்பெனிக்காரன் வந்து எல்லாப் பெட்டியிலும் புதுசு ஏற்றிக்கொடுத்துவிட்டுப் போனானாம், காசு வாங்கவில்லையாம்.

எந்தப் பதிப்பு என்று கேட்டேன். அதெல்லாம் மச்சானுக்கு எங்கே தெரியும். "உனக்க பெட்டி இருக்கியது எனக்கு ஆயிரம் மாதாகோயிலுக்குச் சமம் மச்சான்" என்றார். கூட இருந்த பையன்களிடம் இது எங்க மச்சான் செஞ்சது என்று வேறு சொன்னார். எனக்கு முள் சிக்கியது. சோற்றை உருட்டி விழுங்கினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்தே பழைய கம்பெனியின் நவநீதனுக்குப் போன் போட்டேன். என்னோடு வேலை பார்த்தவன், இப்போது அங்கே தலைமை இன்ஜினியர். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். பதிப்பு வெளியான வாரமே எங்கள் புதிய கம்பைலருக்கு மாறிவிட்டார்களாம், ‘உங்க பாட்டப் பத்தித்தானுங்க இங்க பேச்சு’ என்றான். சிப்பு? இந்த வருடப் பெட்டிகளில்தான் புதிய சிப்பு. பழைய பெட்டிகளில் பழையதுதான். மச்சான் பெட்டி பழையது.

ஏன் கேட்கிறீர்கள் என்றான். சும்மா என்றேன்.

அக்டோபர் 22

போட்டுகள் போயாயிற்று. ஜெனோவா கடற்கரையிலிருந்து போட்டோ அனுப்பினாள்.

நவம்பர் 2

கடைசியில் பழைய போர்டை எடுத்துப் புதிய பதிப்பை ஏற்றினேன். இருபது சின்னச் செய்தி அனுப்பினேன். இருபதும் வந்தது. அப்பாடா என்று இருந்தது, உண்மையிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீளச் செய்தி அனுப்பிப் பார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. அப்புறம் எடுத்துவைத்துவிட்டேன். அதுவும் வரும்.

நவம்பர் 8

மழை. மாடி ஒழுகுகிறது. தார் பூச ஆள் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 13

நீளச் செய்தி அனுப்பிப் பார்த்தேன்.

உறைந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன், மூன்று தடவையும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் நான் கவனிக்காத ஒன்றை இன்று கவனித்தேன். உறைந்த பிறகும் பச்சை விளக்கு எரிகிறது. திரை அணைவதில்லை. கடைசியாக வந்த செய்தியின் முதல் வரி அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு அனுப்புவது எதுவும் ஏறாது, போட்டு நிற்கும் இடமும் கரைக்குப் போகாது. பார்க்கிறவனுக்குப் பெட்டி நன்றாக வேலை செய்கிறது என்றுதான் தோன்றும். அணைத்துத் திரும்பப் போட்டால் சரியாகிவிடுகிறது. ஆனால் பச்சை விளக்கு எரியும் பெட்டியை எவன் அணைப்பான்?

ஷெர்லின் முகத்தைப் பார்த்து என்ன என்றாள். தலைவலி என்றேன்.

நவம்பர் 14

பதற்றப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. முறையாகச் செய்ய வேண்டும். மூலக் கோப்பிலேயே திருத்தம், தெளிவான காரணத்தோடு. அந்தச் சிப்பின் கையேட்டை இறக்கிவைத்திருக்கிறேன், எழுநூறு பக்கம். காரணம் கிடைத்தவுடன் மார்ட்டாவுக்கு அனுப்பிவிடலாம். கம்பெனி கரையிலிருந்து இதுவரை நீளச் செய்தி எதுவும் அனுப்பியதாகத் தெரியவில்லை. கடல் அமைதியாக இருக்கிறது. வானிலைப் பக்கத்தை நாலு தடவை பார்த்தேன்.

நவம்பர் 15

ஜெனோவா நாகர்கோவிலுக்கு வந்திருந்தாள், மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைச் சட்டை எடுக்க. எங்கள் வீட்டில் இருக்கும்போதே மச்சானிடமிருந்து அழைப்பு வந்தது. நாலு போட்டில் வென்சிலாஸ் என்பவருடைய போட்டில் மட்டும் சாட்டிலைட் போன் உண்டு. சார்ஜும் காசும் மிச்சம் பிடிக்க வாரத்துக்கு ஒரு நாள் திறந்து, எல்லோரும் வீட்டுக்குப் பேசிவிட்டு அணைத்துவைத்துவிடுவார்கள். ஜெனோவா பேசி முடித்து, அண்ணன் இருக்கான் பேசுங்க என்று என்னிடம் நீட்டினாள்.

மச்சான் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. மீன் நன்றாக விழுகிறதாம். "பெட்டி எப்பிடி மச்சான்?" என்று நானே கேட்டேன். "ஜோரா ஓடுது. காலத்த எழும்பினதும் அதுக்க மொகத்துலதான் முழிக்கேன்" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

தினமும் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து சொல். ஜெனோவா பக்கத்தில் நின்றாள், ஏன் எதற்கு என்று கேட்பாள், பிள்ளைத்தாய்ச்சி வேறு, பயந்துபோவாள். நிமிடத்துக்குக் காசு ஓடுகிறது. திருத்தம் எப்படியும் இந்த வாரம் தயாராகிவிடும். பத்திரமா இருங்க மச்சான் என்று சொல்லி ஜெனோவாவிடமே கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 16

கையேடு 212ஆம் பக்கம்.

நவம்பர் 17

ஜெனோவா போன் பண்ணினாள். நல்ல சந்தோஷம். நேற்றிலிருந்து கம்பெனி புதுசாக ஒன்று அனுப்புகிறதாம்: எங்கெங்கே மீன் கூட்டம் என்று இடங்களின் பட்டியல். கரையில் வீட்டுக்காரர்களுக்கும் அதே செய்தி போனில் வருகிறதாம். எனக்கும் அனுப்பிவைத்தாள். முதல் வரி: ‘கடல் சீராக உள்ளது.’ அதற்குக் கீழே நாற்பத்தாறு வரி.

வரைபடத்தில் மூன்று போட்டும் நேற்று மதியத்திலிருந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. வென்சிலாஸ் போட்டு மட்டும் நகர்கிறது. அது இந்த வருடப் பெட்டி. "மீனு அப்பிடி விழுது போல அண்ணே, எடத்த விட்டு அனங்க மாட்டங்காவ" என்றாள்.

ஆமாம் என்றேன். அதைத்தான் சொன்னேன்.

நவம்பர் 18

காரணம் கிடைக்காமலே திருத்தத்தை அனுப்பிவிட்டேன். ‘சில பழைய சிப்புகளில் அரிதாகச் சிக்கல் வரலாம்’ என்று எழுதினேன். மார்ட்டா நன்றி சொல்லி, அவசரம் இல்லையென்றால் டிசம்பர் பதிப்பில் சேர்க்கலாமா என்று கேட்டார். சேர்க்கலாம் என்று எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவசரம் என்றால் எப்படித் தெரியும் என்பார். எப்படித் தெரியும் என்றால் எத்தனை நாளாகத் தெரியும் என்பார்.

நான் கோழை. இதை இங்கே எழுதுவதில் என்ன பெருமை, நோட்டில் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

நவம்பர் 20

அரபிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு.

நவம்பர் 21

அது புயலாகும் என்று காலை ஆறு மணிக்கு அறிவிப்பு. ஆழ்கடலில் இருப்பவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும். பல் தேய்க்காமல் நவநீதனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வரி, ஏழு வருடம், பச்சை விளக்கு எல்லாம். எந்தச் சிப்பு என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். பிறகு, எச்சரிக்கை ஐந்தே முக்காலுக்கே போய்விட்டது, நானூறு பெட்டியில் எழுபத்தொன்று வாங்கவில்லை, ஏன் என்று புரியாமல் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறோம் என்றான். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மீன் பட்டியலயே அனுப்பியிருக்க மாட்டோமுங்களே" என்றான். திட்டவில்லை.

அந்த எழுபத்தொன்றில் அறுபத்தெட்டு கரைக்குப் பக்கத்தில். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு அணைத்துப் போடச் சொல்லிவிட்டார்கள். எட்டாத தூரத்தில் மூன்று. வென்சிலாஸின் பெட்டியில் வானிலையும் மீன் பட்டியலும் தவிர வேறு செய்தி அனுப்ப வழி இல்லை, சாட்டிலைட் போன் அணைந்து கிடக்கிறது. நாளைக்குத்தான் திறப்பார்கள். கடலோரக் காவல்படைக்குக் கடைசியாகத் தெரிந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அது ஐந்து நாள் பழைய இடம்.

மார்ட்டாவுக்கும் எல்லாம் எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள் அக்டோபர் பதிப்பை நிறுத்தி, மூன்று வரியையும் மூலக் கோப்பில் சேர்த்துப் புதியதை வெளியிட்டுவிட்டார். காரணப் பகுதியில் ‘காரணம் தெரியவில்லை, ஆனால் தேவை’ என்று எழுதியிருக்கிறார். அப்படி எழுதலாம் என்று எனக்கு ஏழு வருடமாகத் தோன்றவே இல்லை.

ஷெர்லினிடம் சொன்னேன். ஜெனோவாவிடம் சொன்னீர்களா என்பதுதான் முதல் கேள்வி. நாளைக்கு வென்சிலாஸ் கிடைத்துவிடுவார், ஒன்றும் இல்லாததற்கு அவளை ஏன் என்றேன். ஷெர்லின் எழுந்து போய் இட்லிக்கு ஊறவைத்தாள்.

நவம்பர் 22

பதினொன்றரைக்கு வென்சிலாஸ் கிடைத்தார். அவர் பெட்டியில் எச்சரிக்கை வந்து நேற்றே திரும்பிவிட்டார், எழுபது மைல் தள்ளி வந்துகொண்டிருக்கிறார். மற்ற மூன்று போட்டும்? நேற்றே வயர்லெஸ்ஸில் சொன்னேனே, பின்னால் வருவார்கள் என்றார். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. இப்போது அவர்கள் வயர்லெஸ்ஸுக்கு எட்டாத தூரம்.

சொல்லிவிட்டார் அல்லவா. வருவார்கள்.

நவம்பர் 23

காற்று. இங்கேயே தென்னை சாய்கிறது. நடுக்கடலை நினைக்கக்கூடாது என்று இருக்கிறேன். நினைக்கிறேன்.

நவம்பர் 24

விமானம் தேடியது. எதுவும் இல்லை.

நவம்பர் 25

வென்சிலாஸ் போட்டு கரை சேர்ந்தது. ஜெனோவா வீட்டு முற்றத்தில் கூட்டம். நானும் போனேன். வென்சிலாஸ் உப்பு பூத்த முகத்தோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வயதானவர் இல்லை, என்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே சொன்னார்.

"நான் கத்தினேன் பாத்துக்க. புயலு வருகு, வலய அறுத்துப் போட்டுட்டு வாங்கலேன்னு கத்தினேன். மத்த ரெண்டு போட்டுக்காரனும் கிளிட்டஸு என்ன சொல்லுகானோ அதுதான்னுட்டானுவ. கிளிட்டஸு சொன்னான், எனக்க மச்சான் செஞ்ச பெட்டி கடலு சீராக் கெடக்குன்னு காட்டுது, பச்ச எரியுது, உனக்க புதுப் பெட்டிக்குத்தான் கிறுக்கு, நீ போ, நான் ரெண்டு நாளு கழிச்சு வாறேன்னான். சிரிச்சான் பிள்ளே."

அழுகைச் சத்தம் கேட்டது. ஆனால் ஜெனோவா அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்: "பெட்டி சீரா இருக்குன்னு சொல்லிச்சுன்னா அங்க காத்து இருந்திருக்காது. எனக்க அண்ணனுக்க பெட்டி பொய் சொல்லாது. அவிய வந்திருவாவ." பெண்கள் ஒவ்வொருவராக அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல் இருந்தது. தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளும்படி ஆட்டினேன்.

நவம்பர் 26

காலையில் தனியாகப் போனேன். ஜெனோவா அடுக்களையில் பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பிள்ளையை வெளியே அனுப்பச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் வார்த்தை எதுவும் இல்லாமல், அவளுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன். அந்தப் பெட்டியில் ஒரு பழுது உண்டு, அதை நான் ஆருக்கும் தெரியாம ஒட்டுப்போட்டு வச்சிருந்தேன், ஊருக்கு ஒழுங்கு சொல்லப்போய் அந்த ஒட்டை நானே பிடுங்கிட்டேன், வெளிய சொன்னா எனக்குக் கேவலம்னு இருந்துட்டேன்.

சீப்பைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீ எப்ப அறிஞ்சே?"

இருபத்தொன்று என்று வாய்வரை வந்துவிட்டது. கம்பெனிக்கு நான் சொன்னது அன்றைக்குத்தான், அவளுக்கு வேறு எப்படித் தெரியப்போகிறது.

"பதிமூணாந்தேதி" என்றேன்.

அவள் விரல்விட்டு எண்ணவில்லை. உடனே சொன்னாள், "பதினஞ்சாந்தேதி போனு உனக்க கையிலல்லா இருந்திச்சு."

ஆமாம் என்றேன்.

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து அடுப்பை அணைத்தாள். பிள்ளையைக் கூப்பிட்டு மிச்சத் தலையையும் பின்னி ரிப்பன் கட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நேத்து நான் எல்லாரையும் அழாதீங்கன்னு சொன்னேன். இனி நான் போய் அவியகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்க வீட்ட விட்டா முப்பத்திரெண்டு வீடு. நீ போய்ச் சொல்லு."

நவம்பர் 27

காலையில் தொடங்கினேன். முதல் வீடு சிலுவைதாசன் வீடு, மச்சான் போட்டில் வலைக்காரர். அவர் மனைவி என்னைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பெட்டி செய்த அண்ணன் வந்திருக்கிறார் என்று மாமியாரைக் கூப்பிட்டாள். உள்ளே போய்க் காப்பி போட்டு எடுத்துவந்தாள். எங்கள் வீட்டு ஆளுக்கு ஒன்றும் இருக்காதுதானே என்று கேட்டுக்கொண்டே கையில் கொடுத்தாள்.

வாங்கிக் குடித்துவிட்டேன். குடித்த பிறகுதான் சொன்னேன்.

இன்று நான்கு வீடு முடிந்தது. இரண்டாவது வீட்டிலிருந்து காப்பி வேண்டாம் என்று வாசலிலேயே நின்று சொன்னேன். நான்காவது வீட்டுக்கு நான் போவதற்குள் செய்தி போய்விட்டது. கதவைத் திறக்கவில்லை. மூடிய கதவைப் பார்த்து முழுவதையும் சொன்னேன், பதிமூணாந்தேதி, பதினஞ்சாந்தேதி எல்லாம். உள்ளே ஆள் நடமாட்டம் கேட்டது. நாளைக்குக் கிழக்குத் தெருவில் ஒன்பது வீடு இருக்கிறது.